எலிவேஷன் முடிவு செய்யும் முன்: புது வீட்டின் முகப்பில் நான் இழந்ததும் தெரிந்துகொண்டதும்

பழைய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புது வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்துக்கு எவ்வளவு ஆழம், கம்பி என்ன அளவு, கலவை என்ன விகிதம் என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். எலிவேஷன், அதாவது வீட்டின் முகப்புத் தோற்றம், என்று வந்துவிட்டால் மட்டும் பேச்சு முழுக்கப் படங்களைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. நான் கேட்ட எல்லோரும் கைப்பேசியைத் திறந்து படம் காட்டினார்கள். எது அழகு, எது இப்போது ஓடுகிறது, எதை இன்னும் யாரும் வைக்கவில்லை என்றெல்லாம் சொல்ல ஆள் இருந்தது. அந்த அழகின் மேல் மழை விழுந்தால் தண்ணீர் எந்த வழியாக இறங்கும், மேற்கு வெயில் அதை என்ன செய்யும், சில வருடம் கழித்து அதைத் துடைக்க யார், எப்படி மேலே ஏறுவார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதைத் தெரிந்துகொள்வதற்குள் முகப்புக்கென்று ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு மழைக்காலம் முழுக்கத் தூக்கமும் போனது. இன்னொருவருக்கு அது நடக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு தாத்தா கட்டியது. சாய்ந்த கூரை, முன்னால் நீண்டு நிற்கும் தாழ்வாரம், தடித்த சுவர். சுவரில் விரிசல் விட்டு, உத்திரமும் உளுத்துப் போனதால் இடிக்க வேண்டியதாயிற்று. அப்பா இல்லை. தம்பி வேறு நாட்டில் இருக்கிறான். வேலைக்கும் போய்க்கொண்டு, அம்மாவையும் பார்த்துக்கொண்டு, கட்டடத்தையும் நான் ஒருத்தியே கவனித்தேன். அம்மாவுக்குப் பழைய வீட்டின் சாயல் கொஞ்சமாவது இருக்க வேண்டும். தம்பியோ, "அக்கா, கட்டுறதே கட்டுறோம், இந்தக் காலத்து வீடா இருக்கட்டும்" என்று தினமும் ஒரு படம் அனுப்புவான். இரண்டு பேரும் சந்தோஷப்பட வேண்டும் என்பது ஒன்றே என் மனதில் ஓடியது. கட்டட வேலை இழுத்துக்கொண்டே போன களைப்பில், யாராவது ஒரு படத்தை நீட்டி "இதை வெச்சுக்கலாம்" என்று சொன்னால் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தேன். முகப்பைப் பற்றிய முடிவு பெரும்பாலான வீடுகளில் இந்தக் களைப்பின் உச்சத்தில்தான் எடுக்கப்படுகிறது. கையில் பணமும் அப்போதுதான் குறைவாக இருக்கும்.

மேல்தளம் கான்கிரீட் போட்டு, பூச்சு வேலை ஆரம்பித்த பிறகுதான் எங்களிடம் எலிவேஷன் பேச்சே எடுத்தார்கள். அதற்கு முன்னால் கேட்டபோதெல்லாம் "அது கடைசியில பாத்துக்கலாம் மேடம்" என்றுதான் பதில். இப்போதைய பாணியில் ஜன்னல்களைச் சுற்றி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் சட்டம் ஒன்று வரும், பாக்ஸ் என்பார்கள். அந்த பாக்ஸ், செங்குத்தாக நிற்கும் தடுப்புகள், பால்கனி நீட்டம், ஆழமான சன்ஷேட் எல்லாமே தளம் போடும்போது கம்பியோடு கம்பியாகச் சேர்த்துக் கட்ட வேண்டியவை. சுவரைத் தாண்டி வெளியே நீளும் கான்கிரீட்டில் முக்கியக் கம்பி மேல்பக்கம் வர வேண்டும், அது உள்ளே தளத்துக்குள் போதிய நீளம் போய்ப் பிடித்திருக்கவும் வேண்டும். தளம் இறுகிய பிறகு இதைச் சேர்க்கச் சொன்னால், உத்திரத்தில் துளை போட்டு ஆங்கர் போல்ட் வைத்து இரும்புச் சட்டம் மாட்டுவார்கள். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தார்கள். பின்னால் அந்தத் துளைகள் வழியாகத்தான் தண்ணீர் வந்தது. வீட்டின் வரைபடம் தயாராகும்போதே முகப்பையும் பேசி முடித்துவிடுங்கள். முன்பக்கத் தோற்றப் படம் மட்டும் போதாது. சுவரைப் பக்கவாட்டில் வெட்டிக் காட்டும் குறுக்குவெட்டுப் படம் ஒன்று கட்டாயம் கேளுங்கள். எது எவ்வளவு வெளியே நீள்கிறது, எதன் மேல் நிற்கிறது, மழை எங்கே விழுந்து எங்கே போகிறது என்பதெல்லாம் அந்தப் படத்தில்தான் தெரியும். அதைப் போட்டுக் கொடுக்க ஒருவர் தயங்கினால், அந்த முகப்பை அவர் இன்னும் முழுதாக யோசிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்குக் கிடைத்தது ஒரு 3டி படம். மாலை நேரத்து வானம், வீட்டுக்குள்ளிருந்து மஞ்சள் வெளிச்சம், முன்னால் ஆளே இல்லாத அகலமான சாலை. பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு இதுதான் பலன் என்று நினைத்தேன். அந்தப் படத்தில் என்னவெல்லாம் இல்லை என்பது வீடு முடிந்த பிறகுதான் உறைத்தது. ஏசியின் வெளி யூனிட் இல்லை, அதற்கு ஓடும் குழாய் இல்லை, மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் இல்லை, மீட்டர் பெட்டி, கேபிள், தண்ணீர்த் தொட்டி எதுவுமே இல்லை. இவை அத்தனையும் நிஜத்தில் முகப்பின் மேல் வந்து உட்காரும். இன்னொன்று, அந்தப் படம் எடுக்கப்பட்டதாகக் காட்டும் இடத்தில் மனிதர் யாரும் நிற்க முடியாது. எதிர்வீட்டின் முன்னறைக்குள் போய் நின்றால்தான் அந்தக் கோணம் கிடைக்கும். தெரு குறுகலாக இருந்தால் நம் வீட்டை எல்லோரும் கீழேயிருந்து, சாய்வாகத்தான் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கும்போது சன்ஷேடின் அடிப்பகுதியும் பக்கச் சுவரும் கேட்டும்தான் முதலில் கண்ணில் படும். ஆகவே 3டி படம் போடுகிறவரிடம் இரண்டு படம் தனியாகக் கேளுங்கள். ஒன்று, தெருவில் நடந்து வருகிறவரின் கண் உயரத்திலிருந்து. இன்னொன்று, உச்சி வெயிலில், குழாயும் ஏசியும் மீட்டரும் அதனதன் இடத்தில் இருக்க. அந்த இரண்டாவது படமும் உங்களுக்குப் பிடித்தால் தாராளமாக மேலே போகலாம்.

விலைப்பட்டியலில் கவனிக்க வேண்டியது அளவெடுக்கும் முறை. சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத்தின் பரப்பைப் பெருக்கி நாம் மனதில் ஒரு தொகை வைத்திருப்போம். பாக்ஸின் உள் மடிப்பு, பக்கவாட்டு, அடிப்பக்கம், வெட்டிக் கழித்த துண்டு என எல்லாம் சேர்ந்து பில் வரும்போது பரப்பு நாம் நினைத்ததைவிட வெகுவாகக் கூடியிருக்கும். சாரம் யார் செலவு, உள்ளே வரும் இரும்புச் சட்டம் அந்த விலையில் சேருமா, மழைக்குப் பிறகு ஒழுகினால் யார் வந்து பார்ப்பது என்பதை எழுதி வாங்க வேண்டும். கடைசித் தவணையை முதல் மழைக்காலம் முடிந்து தருவதாகப் பேச முடிந்தால் அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. நான் வேலை முடிந்த வாரமே முழுத் தொகையையும் கொடுத்திருந்தேன். வேலை எடுத்தவர் அதன்பின் போனை எடுப்பதைக் குறைத்துக்கொண்டார், பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

எங்களுக்கு மாட்டியது ஏசிபி ஷீட். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒரு அடைப்பு வைத்து அழுத்திய பலகை அது. பொதுவாக 4 மில்லிமீட்டர் தடிமன். நடுவில் இருக்கும் அடைப்பு என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விலை குறைந்ததில் பாலிஎத்திலீன் இருக்கும், அது எரியும். லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற குடியிருப்புக் கோபுரம் 2017 ஜூன் 14 அன்று தீப்பிடித்து 72 பேர் இறந்ததற்கு, வெளிச்சுவரில் மாட்டியிருந்த இந்த வகைப் பலகை வழியாகத் தீ மேலே ஏறிப் பரவியது முக்கியக் காரணம். நம் வீடு இரண்டு மாடிதான், ஆனாலும் படுக்கையறை ஜன்னலைச் சுற்றி அதைப் போர்த்துகிறோம் என்பதை மறக்கக் கூடாது. தாது அடைப்பு கொண்ட, தீ தாங்கும் தரம் தனியாகக் கிடைக்கிறது. ஒரு துண்டை வெட்டி ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள், அடைப்பின் தரத்தைச் சான்றிதழில் பாருங்கள். அடுத்தது வெப்ப விரிவு. அலுமினியம் 100 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர் நீளும். அடர் நிற ஷீட் வெயிலில் காய்ந்து இரவில் குளிரும்போது, மூன்று மீட்டர் நீளப் பலகை தினமும் சில மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. அதற்கு இடம் விட்டு மாட்டாமல் இறுக்கித் திருகினால் ஷீட் நடுவில் உப்பும், இணைப்பில் பூசிய சிலிகான் ஒரு பக்கம் விட்டுப் பிரியும். எங்கள் வீட்டில் கோடை முடிவதற்குள் பிரிந்துவிட்டது. தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அதற்குப் பிறகு மழை வந்தது. முதல் நாள் எதுவும் இல்லை. அடைமழையாகப் பிடித்த பிறகு, அம்மாவின் அறையில் ஜன்னலுக்கு மேலே உள்ளங்கை அளவுக்கு ஒரு ஈரத் திட்டு. மறுநாள் அது சுவர் பாதிக்கு இறங்கியது. பட்டி பார்த்துப் பூசிய பெயிண்ட் கொப்புளித்து, தொட்டால் கையோடு வந்தது. அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கட்டிலை மட்டும் சுவரிலிருந்து தள்ளிப் போடச் சொன்னார். அது என்னை இன்னும் வாட்டியது. வாழ்நாள் சேமிப்பையும் கடனையும் போட்டுக் கட்டிய வீட்டில், வயதானவர் ஓத வாடையில் படுத்திருக்கிறார். தம்பியிடம் சொல்லவும் மனம் வரவில்லை. ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் எழுந்து போய் டார்ச் அடித்துச் சுவரைப் பார்ப்பேன். புது வீடு என்று வந்து வாழ்த்தியவர்கள் முன்னால் சிரித்துக்கொண்டு, அந்த அறைக் கதவை மட்டும் சாத்தி வைத்திருப்பேன். இந்தத் தனிமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கட்டடத்தில் கோளாறு என்றால் பணத்தோடு சேர்த்து, நாம் ஏதோ தகுதியில்லாதவர் என்ற எண்ணமும் வந்து ஒட்டிக்கொள்கிறது. அது உண்மை இல்லை என்று இப்போது சொல்ல முடிகிறது.

ஒழுகுகிறது என்றால் உடனே சிலிகான் குழலோடு ஓடி வருவார்கள். எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்காமல் பூசுவது வீண் செலவு. பூச்சு வேலை செய்த வயதான கொத்தனார் ஒருவர்தான் வந்து பொறுமையாகப் பார்த்தார். "எடுத்ததும் மேல தண்ணி அடிக்காதம்மா, கீழ இருந்து ஆரம்பிச்சு மேல போ" என்றார். ஹோஸ் குழாயை வைத்து, சுவரின் கீழ்ப்பகுதியில் கொஞ்ச நேரம் தண்ணீர் அடித்துக் காத்திருக்க வேண்டும். உள்ளே ஈரம் வரவில்லை என்றால் அடுத்த மட்டத்துக்கு ஏற வேண்டும். மேலேயிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எந்த இடம் ஓட்டை என்றே தெரியாமல் போகும். அப்படி ஏறி ஏறிப் போனதில் பாக்ஸின் மேல்பலகையில் விடை கிடைத்தது. அது ரசமட்டம் வைத்துச் சரிமட்டமாகப் போட்ட பலகை. வெளிப்பக்கம் வாட்டமே, அதாவது தண்ணீர் வடிய சரிவே, இல்லை. மழைத் தண்ணீர் குளம்போல நின்று, சுவரும் பாக்ஸும் சேரும் கோட்டில் புகுந்து, ஆங்கர் துளை வழியாக உத்திரத்துக்குள் போயிருந்தது. ஷீட்டுக்குப் பின்னால் போன தண்ணீர் வெளியேற வழியும் வைக்கவில்லை. வெளியே பளபளவென்று இருந்த பலகைக்குப் பின்னால் இரும்புச் சட்டம் துருப்பிடித்து ஒழுகியிருந்தது.

கழற்றினோம். கழற்றுவதற்கும் சாரம், கூலி, குப்பை வண்டி என்று செலவு. ஒரு முறை மடித்துத் திருகிய ஷீட் வேறெதற்கும் உதவாது. பழைய இரும்புக்கு வரும் காசுதான் மிச்சம். துளைகளை அடைத்து, பெயர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்து, சுவர் காய்வதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். வெறும் சிமென்ட் சுவரோடு நிற்கும் வீட்டைப் பார்த்து "இன்னும் முடியலையா" என்று கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

அந்தக் காத்திருப்பில்தான் அம்மா ஒரு நாள், "பழைய வீட்டுச் சுவர் நனைஞ்சு நான் பார்த்ததே இல்லையே" என்றார். அதைப் பற்றி நிறைய யோசித்தேன். அந்தக் கூரை சுவரைத் தாண்டி நீண்டு, தண்ணீரைச் சுவருக்கு வெகுதூரத்தில் கொட்டியது. இப்போதைய தோற்றத்தில் நாம் முதலில் நீக்குவது அந்த நீட்டத்தைத்தான். தட்டையான தளம், வெட்டினாற்போல முடியும் சுவர், நேர்க்கோடு. கண்ணுக்கு அது சுத்தமாக இருக்கிறது, தண்ணீர் மட்டும் நேராகச் சுவர்மேல் இறங்குகிறது. இது நம் மேஸ்திரிகளின் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பாரிஸுக்கு அருகே லெ கார்பூசியர் வடிவமைத்து 1931-இல் முடிந்த வில்லா சவோய், நவீன வீட்டுக்கே முன்னோடி என்று உலகம் முழுக்கப் படிக்கப்படும் கட்டடம். அங்கே குடியிருந்த குடும்பத்தினர் மழை ஒழுகுகிறது என்று அவருக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். நவீனத் தோற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீடும் இப்போது அந்தத் தோற்றத்தில்தான் இருக்கிறது. பழைய கூரை செய்துவந்த வேலையை வேறு எது செய்யப்போகிறது என்பதைத் தீர்மானித்துவிட்டு அதை நீக்க வேண்டும்.

அந்த வேலையைச் செய்பவை பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள், செலவும் குறைவு. கைப்பிடிச் சுவரின் தலைப்பகுதியில் கல்லோ கான்கிரீட் பட்டையோ வைத்து, வாட்டத்தை மொட்டைமாடிப் பக்கம் கொடுக்க வேண்டும். தெருப்பக்கம் கொடுத்தால் மேலே படியும் தூசி அத்தனையும் மழையில் கரைந்து முகப்பில் கறுப்புக் கோடாக இறங்கும். சன்ஷேட், பாக்ஸ், பால்கனி, ஜன்னல் படிக்கல் என்று வெளியே நீளும் எதன் அடிப்பக்கத்திலும், ஓரத்திலிருந்து சற்று உள்ளே, விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் ஓட வேண்டும். தண்ணீர் அடிப்பக்கமாகத் தவழ்ந்து சுவருக்கு வராமல் அந்தப் பள்ளத்தில் நின்று சொட்டிவிடும். பூசும்போது ஒரு சட்டத்தை வைத்து எடுத்தால் பள்ளம் விழுந்துவிடும். பிறகு வெட்டுவதென்றால் பெரும்பாடு. ஜன்னல் படிக்கல் இரண்டு பக்கமும் சுவருக்குள் கொஞ்சம் புதைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜன்னலின் இரு மூலையிலிருந்தும் மீசை வைத்தாற்போலக் கறை வரும். பாக்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்றால் மேல்பலகைக்கு வாட்டம், அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு, அந்தப் பூச்சு சுவரில் ஒரு சாண் உயரமாவது ஏறி நிற்பது, இந்த மூன்றும் இருக்கிறதா என்று மேலே ஏறி நீங்களே பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது முறை முடிவெடுக்கும் முன் நான் படம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். மழை விட்ட மறுநாள் காலையில், கட்டிப் பல வருடமான வீடுகளைப் போய்ப் பார்த்தேன். எந்தச் சுவர் சுத்தமாக இருக்கிறது, எதில் பாசி, எதில் உப்பு பூத்திருக்கிறது என்பது ஈரத்தில் தெளிவாகத் தெரியும். வீட்டுக்காரர் வெளியே நின்றால் கேட்டுவிடுவேன். புது வீடு முடித்து சில மாதம் ஆனவர்கள் பெருமையாகத்தான் பேசுவார்கள். பத்து வருடம் குடியிருந்தவர்கள் உண்மையைச் சொல்வார்கள், பெரும்பாலும் சந்தோஷமாகவே சொல்வார்கள்.

வெயிலைப் பற்றி அப்படித்தான் தெரிந்துகொண்டேன். மேற்குச் சூரியன் மாலையில் தாழ்வாக வந்து நேராக உள்ளே அடிக்கும்; மேலே எவ்வளவு அகலச் சன்ஷேட் போட்டாலும் அதைத் தடுக்காது. செங்குத்தான தடுப்புகள், ஜாலி எனப்படும் துளைகள் விட்டுக் கட்டிய தடுப்புச் சுவர், அல்லது முன்னால் நிற்கும் மரம்தான் தடுக்கும். பெரிய கண்ணாடி ஜன்னல் வேண்டும் என்று தம்பி சொன்னது மேற்குப் பக்கத்தில். உள்ளே திரை போட்டால் போதாதா என்றால், வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகே திரையைச் சுடுகிறது. அந்த வெப்பம் அறைக்குள்தான் இருக்கும். நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும். நாங்கள் ஜன்னலைச் சுருக்கி, அதன் முன்னால் செங்கல் ஜாலி வைத்தோம். பால்கனிக் கைப்பிடிக்குக் கண்ணாடி வைப்பவர்கள் டஃபன்டு (சூடாக்கி உறுதியாக்கியது) என்பதோடு நிற்காமல் லேமினேட்டட் என்றும் கேட்க வேண்டும். டஃபன்டு கண்ணாடி அரிதாக, உள்ளே உள்ள நிக்கல் சல்பைடு துகளால், யாரும் தொடாமலே உடைந்து கொட்டும். லேமினேட் செய்திருந்தால் உடைந்தாலும் நடுவில் உள்ள படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும்.

கல் ஒட்டுவதில் எடையைப் பாருங்கள். 20 மில்லிமீட்டர் கிரானைட் ஒரு சதுர மீட்டருக்கு 54 கிலோ வரும். தலைக்கு மேலான உயரத்தில் அதை வெறும் சிமென்ட் பால் தடவி ஒட்டுவது ஆபத்து. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிடிமானம் வைத்துத் தொங்கவிட வேண்டும். மெல்லிய டைல் என்றால் சி2 எஸ்1 என்று மூட்டையில் அச்சிட்ட பசை வாங்குங்கள். சி2 என்பது ஒட்டும் திறன் கூடுதலான சிமென்ட் பசை, எஸ்1 என்பது சுவரோடு சேர்ந்து ஓரளவு வளைந்து கொடுக்கும் வகை. கடற்கரை அருகே இருப்பவர்கள் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பதில் 316 தரம் கேளுங்கள். அதில் சேரும் மாலிப்டினம் உப்புக் காற்றைத் தாங்க உதவும். அலுமினியச் சட்டங்களின் வண்ணப் பூச்சிலும் தரம் இருக்கிறது. அமெரிக்கக் கட்டடப் பொருள் தயாரிப்பாளர் சங்கமாக இருந்த ஏஏஎம்ஏ-வின் வரையறையில் 2603 தரம் ஃபுளோரிடா வெயிலில் 1 வருடம், 2604 தரம் 5 வருடம், 2605 தரம் 10 வருடம் வெளியே வைத்துச் சோதிக்கப்படுகிறது. அந்த எண்ணைக் கேட்டாலே விற்பவரின் பேச்சு மாறும். மரத்தை வெளியே வைத்தால் அது சாம்பல் நிறமாக மாறியே தீரும், தேக்கானாலும் சரி. அந்தச் சாம்பல் நிறம் பிடித்தால் வையுங்கள். தேன் நிறமாகவே இருக்க வேண்டும் என்றால் அடிக்கடி எண்ணெய் பூச ஆள் ஏற வேண்டும். நாங்கள் வாசல் கதவில் மட்டும், கை எட்டும் உயரத்தில் மரம் வைத்தோம்.

நிறத்துக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். வண்ண அட்டையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வெளியே, பெரிய பரப்பில், அதே நிறம் அட்டையில் பார்த்ததைவிட வெளிறித் தெரியும். சுவரிலேயே ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் பூசி, காலை, உச்சி, மாலை என்று பாருங்கள். மழை நாளிலும் பாருங்கள். அடர் சாம்பல் இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது, ஆனால் அது வெயிலை விழுங்கி அறைக்குள் தள்ளும், மயிரிழை விரிசலில் பூக்கும் உப்பையும் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். புதுப் பூச்சின் மேல் அவசரமாகப் பெயிண்ட் அடிக்க விடாதீர்கள். குறைந்தது 28 நாள் ஆகட்டும், மழைக்காலம் என்றால் இன்னும் அதிகம். ஈரமும் சிமென்ட்டின் காரத்தன்மையும் உள்ளே இருக்கும்போது பூசிய பெயிண்ட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் உரியும்.

அம்மாவையும் தம்பியையும் இந்த முறை வேறு விதமாகக் கேட்டேன். எந்தப் படம் பிடிக்கிறது என்று கேட்கவில்லை. வாசலில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். மழை பெய்யும்போது நனையாமல் வெளியே உட்கார ஒரு இடம் வேண்டும் என்றார் அம்மா. பழைய வீட்டின் சாயல் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். வேலைப்பாடு, வளைவு எதுவும் இல்லாமல் நேர்க்கோடாக இருக்க வேண்டும் என்றான் தம்பி. இரண்டும் ஒன்றோடொன்று மோதவே இல்லை. பொறியாளரிடம் தனியாக வரைபடமும் கணக்கும் வாங்கி, வாசலுக்கு மேலே தனித் தூண்களில் நிற்கும் அகலமான கான்கிரீட் தளம் ஒன்று போட்டோம். சுவர் முழுக்க வெளிர் நிறப் பூச்சு, தரையிலிருந்து இடுப்பளவு மட்டும் கல், மேற்கே ஜாலி, ஏசி யூனிட்டுகள் ஜாலிக்குப் பின்னால். அவ்வளவுதான் முகப்பு. முதலில் மாட்டிய ஷீட்டைவிடச் செலவு குறைந்தது என்பதைச் சொல்லும்போது இன்னும் வயிறு எரிகிறது. அம்மாவின் அறைச் சுவர் அடுத்த மழையில் காய்ந்தே இருந்தது. அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வேலை முடிந்து ஆட்கள் கிளம்பும் முன் வாங்கி வைக்க வேண்டியவை சில உண்டு. பெயிண்டின் நிறக் குறியீடும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் டப்பா மூடியில் இருக்கும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே கல்லில் ஒரு சதுர மீட்டர், ஜாலிக் கல்லில் பத்துப் பதினைந்து கூடுதலாக வாங்கி ஓரமாக அடுக்குங்கள். பின்னால் தேடினால் அந்த நிறம் கிடைக்காது. மொட்டைமாடியில் உத்திரத்தோடு சேர்த்து இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி பதிக்கச் சொல்லுங்கள், எவ்வளவு எடை தாங்கும் என்று பொறியாளர் கணக்குப் போட்டுத் தரட்டும். அது இருந்தால் முகப்பைக் கழுவ வருகிறவர் பாதுகாப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு இறங்கலாம், ஒவ்வொரு முறையும் சாரம் கட்டும் செலவு மிச்சம். மழைக்காலத்துக்கு முன் மொட்டைமாடி வடிகால் வாயையும் ஜன்னல் சட்டத்தைச் சுற்றி இடைவெளியை அடைத்துள்ள சீலன்டையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சீலன்ட் விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்க வேண்டும், கடினமாகிக் கோடு விட்டிருந்தால் அந்த இடத்தை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதன் மேலேயே பூசினால் ஒட்டாது.